பொரிச்சி மகனின் கொண்டை

குளத்தங்கரையை ஒட்டிய கொல்லையில் பொரிச்சி என்றொரு தாய்க்கோழி இருந்தாள். அவள் பொரித்த குஞ்சுகளில் பாதியைப் பருந்து தூக்கியது. மீதியில் பலவற்றைக் கீரி கொண்டுபோனது. கடைசியில் மிஞ்சியவை இரண்டே சேவல்கள். அதில் மூத்தவன் கதையைச் சொன்னால் வயிறு எரியும்.

ஒருநாள் கூட்டத்துத் தலைவனான கருஞ்சேவலோடு மூத்தவன் இரைக்காக மோதினான். கருஞ்சேவல் அவன் கொண்டையைக் கவ்வி உலுக்கினான். ரத்தம் வடிந்தது. கோழி இனத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, அதை ஏன் மறைக்க வேண்டும்? ரத்தத்தைக் கண்டால் அதுக்கு அண்ணன் தம்பி தெரியாது. எல்லாரும் கூடிக் கொத்தினார்கள். அவன் அன்றைக்கே செத்துப்போனான்.

பாக்கி இருந்தவன் வெள்ளையன் ஒருவன்தான். வெள்ளை வெளேரென்ற உடம்பு, தலையில் செக்கச் செவேலென்று கொண்டை. அவன் வந்தால் கூட்டமே திரும்பிப் பார்க்கும். பெற்றவளுக்கோ அந்தக் கொண்டையைப் பார்க்கப் பார்க்கப் பயம்தான் வந்தது. கவ்விப் பிடிக்க வாகாக நிற்கிறதே என்ற ஒரே நினைப்புதான் அவளுக்கு.

வேலிக்கு அந்தப் பக்கம் சூரன் என்ற சண்டைச் சேவல் இருந்தான். அவனை வளர்த்தவர் சின்ன வயதிலேயே அவன் கொண்டையை ஒட்ட அறுத்துவிட்டார். சண்டையில் எந்தச் சேவலாலும் அவன் தலையைக் கவ்வ முடியவில்லை. போன இடமெல்லாம் ஜெயித்து வந்தான். பொரிச்சி வேலி இடுக்கு வழியாக அவனைப் பார்த்தாள். அவள் மண்டையில் ஒரு யோசனை ஏறியது. ஏறினது இறங்கவே இல்லை.

நேராகக் குளத்து நண்டிடம் போனாள். நண்டு நல்ல பிராணிதான். யாருக்காவது முள் குத்தினால் எடுத்துவிடும், காலில் நூல் சுற்றினால் வெட்டிவிடும்.

"நண்டண்ணே, எம் மகன் கொண்டையை அறுத்துவிடணும்."

"அறுத்திடலாம் தாயி. அவன் சம்மதிச்சுட்டானா?"

"அவன் விவரம் தெரியாத பிள்ளை. அவனை என்ன கேக்கறது? ஒண்ணைப் பறிகொடுத்துட்டு நிக்கறேன். இவனையும் விட்டுர முடியாதுண்ணே."

நண்டு தன் காலை நீட்டிக் காட்டியது. "சரி, பயப்படாதே. போன மழையில என் கால் ஒண்ணைக் கொக்கு பிடுங்கிருச்சு. ஓட்டுச் சட்டையை உரிச்சேன், புதுசா முளைச்சிருச்சு, பாரு. அவனுக்குப் பிடிக்கலேன்னா திரும்ப முளைச்சுட்டுப் போகுது."

பாவம், நண்டு பொய் சொல்லவில்லை. தன் உடம்பு எப்படியோ ஊரார் உடம்பும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டது. பொரிச்சியும் அதை நம்பினாள். நம்ப வேண்டும் என்றுதானே அவள் வந்ததே!

மறுநாள் மகனைக் கரைக்கு அழைத்து வந்தாள்.

"வெள்ளையா, தலையில செள்ளுப் பூச்சி மண்டிக் கிடக்கு. நண்டு மாமா எடுத்துவிடுவாரு. கண்ணை மூடிக்கோ."

"வலிக்குமாம்மா?"

"வலிக்காது. நான் ஒண்ணும் செய்ய விட மாட்டேன். பக்கத்துலதானே இருக்கேன்."

அவன் தாயின் சிறகில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினான். நண்டு தன் வேலையை முடித்தது.

வெள்ளையன் துடித்து எழுந்தான். ரத்தம் கண்ணில் இறங்கியது. நண்டு அவசரமாகச் சேற்றை அள்ளி அப்பியது.

"எல்லாம் உன் நல்லதுக்குத்தான்டா, சாமி" என்றாள் பொரிச்சி.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டா நீ ஒத்துக்கிட்டிருக்க மாட்டே."

"அது தெரிஞ்சுதானே செஞ்சே."

காயம் ஆறும்வரை பொரிச்சி கோரைப் புல்லுக்குள் அவனை ஒளித்து வைத்துக் காத்தாள். ஆறிய பிறகு கூட்டத்துக்குக் கூட்டிப் போனாள். கோழிகள் மேய்வதை நிறுத்திவிட்டு முறைத்துப் பார்த்தன.

"யாரு இவன்?" என்றான் கருஞ்சேவல்.

"எம் மகன்தான். நம்ம வெள்ளையன்."

"வெள்ளையனுக்குக் கொண்டை இருக்கும். இவன் எந்த ஊருக்காரன்?"

கோழிகள் ஒன்றையொன்று கொண்டையை வைத்துத்தான் அடையாளம் காணும். பெற்றவளுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். பயம் வந்தால் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும். அயலான் என்று நினைத்துக் கூட்டம் அவனைக் கொத்தியது. பொரிச்சி குறுக்கே விழுந்து கொத்து வாங்கி அவனை வேலிப் புதருக்குள் தள்ளினாள்.

பிறகு சூரனிடம் ஓடினாள். "உன்னைப் பார்த்துத்தான் எம் மகன் கொண்டையையும் அறுத்தேன், அவனைக் கொத்தறாங்க. உன்னை மட்டும் ஏன்பா யாரும் கொத்தறதில்லை?"

சூரன் காலை உதறிக் காட்டினான். கயிறு இழுத்தது. "கொத்தறதுக்கு யாரு இருக்கா? சண்டை நேரம் போக, நான் பிறந்ததுலேருந்து தனியாத்தானே கட்டிக் கிடக்கேன். வெயில் அடிச்சா மண்டை வேகுது. கொண்டை இருந்தா சூடு அது வழியா இறங்குமாம். அறுத்தப்போ என்னை எவன் கேட்டான்? நீயாவது உன் மகன் கொண்டையை அறுக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்து கேட்டிருக்கலாம்."

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது என்பார்கள். அந்தப் பூனை தன் உடம்பிலாவது போட்டுக்கொண்டது. இவள் பிள்ளைக்கு அல்லவா போட்டுவிட்டாள்!

கடைசி நம்பிக்கையாக நண்டிடம் போனாள். "அண்ணே, எப்போ முளைக்கும்?"

"அடுத்த தடவை அவன் சட்டை உரிக்கும்போது முளைக்கும்."

"கோழி எங்கேண்ணே சட்டை உரிக்கும்? நாங்க இறகுதான் உதிர்ப்போம்."

"அப்படின்னா எனக்குத் தெரியாது தாயி" என்று சொல்லிவிட்டு நண்டு வளைக்குள் போய்விட்டது.

பொரிச்சி அழுதுகொண்டே கரையான் புற்றைக் கிளறினாள். வாய் நிறையக் கரையான் எடுத்துக்கொண்டு புதருக்கு வந்தாள். வெள்ளையன் அன்று முழுக்க ஒன்றும் தின்றிருக்கவில்லை. கொண்டுவந்ததைக் கீழே வைத்துவிட்டு, அவன் தலையைத் தடவ அலகை நீட்டினாள். அவன் பின்னால் நகர்ந்தான்.

"கிட்ட வராதேம்மா."

"நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்டா, கண்ணு. சாப்பிடு."

"அன்னைக்கும் இதைத்தான் சொன்னே."

அவள் ஓரடி வைத்தாள், அவன் ஈரடி பின்வாங்கினான். அவன் கண் அவள் அலகை விட்டு அகலவில்லை. அப்படியே நகர்ந்து நகர்ந்து புதரின் மறுபக்கம் வெட்ட வெளிக்கு வந்துவிட்டான். அங்கே கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது.

"டேய், அந்த அயலான் வந்துட்டான்!" என்று கத்தினான் கருஞ்சேவல்.

பொரிச்சி முள்ளில் சிக்கி உடம்பு கிழிய ஓடி வந்தாள். "இங்கே வா, என் றெக்கைக்குள்ளே வா" என்று கதறினாள். வெள்ளையன் அவளையும் பார்த்தான், கூட்டத்தையும் பார்த்தான். எந்தப் பக்கம் ஓடுவதென்று அவனுக்குத் தெரியவில்லை. நின்ற இடத்திலேயே தலையைத் தன் சிறகுக்குள் புதைத்துக்கொண்டான். அவள் போய்ச் சேர்வதற்குள் கூட்டம் அவனைச் சூழ்ந்துகொண்டது. அவர்கள் கொத்திக் கொன்று முடிக்கும்வரை அவன் தாயைக் கூப்பிடவே இல்லை.

காப்பாற்றத்தான் என்றாலும், உடம்புக்கு உரியவனைக் கேட்காமல் அதை அறுக்கிறவர்கள், அவன் தங்கள் மேல் வைத்த நம்பிக்கையையும் சேர்த்தே அறுத்துவிடுகிறார்கள்.