நூறு மணங்கு வண்டி

முன்னொரு காலத்தில் வெண்குன்ற நாட்டை வீரகேதன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் எதைக் கண்டாலும் அதன்மேல் ஓர் எண்ணைப் பொறிக்கச் சொல்லுவான். பட்டத்து யானையின் நெற்றியில் அதன் உயரம். அரண்மனைக் கிணற்றுச் சுவரில் அதன் ஆழம். அரசனுடைய வாளுறையில் அவன் போரில் வெட்டிய தலைகளின் எண்ணிக்கை. அது சுழி என்பதால் யாரும் உரக்கப் படிப்பதில்லை.

அரண்மனை வண்டியை ஓட்டியவன் கொம்பையா. மயிலை, செவலை என்ற இரண்டு காளைகளையும் தாயில்லாக் கன்றுகளாக வந்த நாளிலிருந்து கஞ்சி ஊற்றி வளர்த்தவன் அவன்தான். அவன் பேச்சை அரசன் ரசிப்பான். வாகன அதிகாரி பராங்குசருக்கு அது நெஞ்சில் முள்.

ஒருநாள் பராங்குசர் புது வண்டி ஒன்றைச் செய்வித்து அரண்மனை முற்றத்தில் நிறுத்தினார். அதன் பின்னால் நாலு சக்கரத் தட்டு வண்டி ஒன்றைப் பிணைத்து, நூறு மணங்கு எடைக்கு நெல்மூட்டைகளை அடுக்கினார்.

"கொம்பையா, கீழே இறங்கு. நடுவில் உன் எடை எதற்கு?"

கொம்பையா இறங்கினான். வழவழப்பான கல்தளத்தில் காளைகள் பத்தடி இழுத்தன.

"பார்த்தீர்களா அரசே! நூறு மணங்கு!"

அரசன் கைதட்டினான். 'நூறு' என்று பொறித்த செப்புத் தகடு அப்போதே வண்டி முகப்பில் ஏறியது.

"மகாராசா, அது முற்றத்துக்கு நூறு" என்றான் கொம்பையா.

"எண்ணுக்கு முற்றம் என்ன, தெரு என்ன? நூறு என்றால் எங்கும் நூறு" என்றார் பராங்குசர்.

அந்தச் சமயம் குன்றின் மேல் அரசனுடைய சிலையைச் செதுக்கி முடித்திருந்தார்கள். தொண்ணூற்றாறு மணங்கு. அதைக் கீழே கோட்டை வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். முன்வண்டியில் தானும் பின்வண்டியில் தன் சிலையுமாக ஊர்வலம் வர அரசனுக்கு ஆசை. நூறில் நான்கு மிச்சம் இருக்கிறதே!

கொம்பையா குன்றை அண்ணாந்து பார்த்துத் தயங்கினான். குன்றிலிருந்து இறங்குவதற்கு வழுக்குப்பாறைச் சரிவு ஒன்றுதான் வழி. ஒருபக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பாதாளம்.

"தயங்கினால் நீ ஓட்ட வேண்டாம். என் மைத்துனன் ஓட்டுவான். மாடுகள் அரண்மனைச் சொத்து, இங்கேயே இருக்கும்" என்றார் பராங்குசர்.

அந்த மைத்துனனுக்குச் சாட்டையைத் தவிர வேறு வித்தை தெரியாது. "நானே ஓட்டுறேன் சாமி" என்றான் கொம்பையா.

குறித்த நாளில் குன்றின் உச்சியில் அரசன் முன்வண்டியில் ஏறினான். வெண்குடை ஏறியது. பழக்கூடைகள் ஏறின. வெற்றிலைச் சாறு துப்ப வெள்ளிப் படிக்கம் ஏறியது. மேளக்காரர்கள் நால்வர் வண்டியின் வால்பக்கம் உட்கார்ந்ததும் நுகம் மேலே எழும்பி, காளைகளின் தொண்டையில் கயிறு இறுகியது.

"பின்பாரம் ஏறிப்போச்சு சாமி. மாடு மூச்சுவிட முடியல."

"கணக்குப்படி இன்னும் இடம் இருக்கிறது. தகட்டைப் பார்" என்றார் பராங்குசர்.

"நான் பாத்துட்டேன். மாட்டுக்குத்தான் படிக்கத் தெரியாது."

கொம்பையா ஒரு கணம் காளைகளைப் பார்த்தான். பிறகு அரசனை வணங்கினான்.

"மகாராசா, ஒரு மரியாதை பாக்கி. இந்த நூறைக் கண்டுபிடிச்சவரு பராங்குச சாமி. இறக்கம் முடியறவரைக்கும் மாட்டுக்கு நாலடி முன்னால அவருதான் கொடி பிடிச்சு நடக்கணும். ஊரு பாக்க வேண்டாமா?"

"தகுந்த மரியாதை! கொடியைப் பிடியும் பராங்குசரே" என்றான் அரசன்.

பராங்குசர் கொடியோடு முன்னால் போய் நின்றார். கீழே பார்த்தார். ஒதுங்க ஓரடி இடம் இல்லை. திரும்பிப் பார்த்தார். காளைகளுக்குப் பின்னால் அரசன், அரசனுக்குப் பின்னால் கல்லரசன். இருவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அரசே, இறக்கத்தில் மேளம் எதற்கு? சத்தத்தில் மாடு மிரளும்."

மேளக்காரர்கள் இறங்கினார்கள். பராங்குசர் இரண்டடி நடந்து நின்றார்.

"பழமும் இப்போது வேண்டாமே."

கூடைகள் இறங்கின.

"படிக்கம் இருக்கட்டுமா சாமி?" என்றான் கொம்பையா.

"அரை மணங்கு இருக்குமே. இறக்கு."

"குடை?"

"இறக்கு, இறக்கு!"

"நூறு நூறுதானே சாமி?"

"நூறுதான். யார் இல்லை என்றது?"

வெயிலில் அரசன் தனியாக உட்கார்ந்திருந்தான். பராங்குசர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"அரசே, காலையில் சற்று நடப்பது உடம்புக்கு நல்லது என்று வைத்தியர்கள்..."

"பராங்குசரே, நான் எத்தனை மணங்கு?"

"ஐயோ, அரசருக்கு ஏது எடை!"

"அப்படியானால் என்னை ஏன் இறங்கச் சொல்கிறீர்?"

காற்றில்லாமலே கொடி ஆடியது.

அரசன் இறங்கினான். "கொம்பையா, நீ சொல். இவருக்கு என்ன பயம்?"

"முற்றத்துல மாடு பாரத்தை இழுக்கும் மகாராசா. இங்க பாரம் மாட்டைத் தள்ளும். எவ்வளவு இழுக்கும்னு எல்லாரும் பாத்தோம். எவ்வளவைத் தாங்கி நிறுத்தும்னு யாரு பாத்தோம்?"

"நீ எப்படி இறக்குவாய்?"

"முன்வண்டி காலியா வரணும். கல்வண்டிக்குப் பின்னால இன்னும் ரெண்டு சோடி மாட்டைக் கட்டி, வடத்தை இழுத்துப் பிடிக்கணும். பத்தடிக்கு ஒருதரம் சக்கரத்துக்குக் கட்டை போடணும்."

அப்படியே செய்தார்கள். கட்டை போடும் வேலையை அரசன் பராங்குசருக்குக் கொடுத்தான். பத்தடிக்கு ஒருதரம் குனிந்து, பட்டு வேட்டி முழங்காலில் கிழிந்து, கோட்டை வாசலில் அவர் நிமிர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. சிலைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மயிலையையும் செவலையையும் கொம்பையாவுக்கே சொந்தமாகக் கொடுத்தான் அரசன். பிறகு வழக்கம்போல் செப்புவேலை செய்யும் கன்னானை அழைத்தான்.

"தகட்டை மாற்று. கொம்பையா, சரியான எண் என்ன?"

"எங்க போறோம், யார் யார் ஏறுறீங்கன்னு முதல்ல சொல்லுங்க மகாராசா. அப்புறம் சொல்றேன்."

'நூறு' சுரண்டப்பட்டது. அதன் இடத்தில் எதுவும் பொறிக்கப்படவில்லை.

அன்று இரவு அரசன் நெற்களஞ்சியத்துக்குப் போய்ப் பெரிய துலாக்கோலில் தானே ஏறி உட்கார்ந்தான். வந்த எண்ணை இரண்டுமுறை கேட்டான். அதை மட்டும் எங்கும் பொறிக்கச் சொல்லவில்லை.