மூன்றாவது விசில்

பெர்த் நகரத்தில் பல் வைத்தியம் பார்த்துவந்த வைரவனுக்கு ஐம்பது தாண்டிய பிறகு ஒரு குரு வாய்த்தார். பெயர் பிரிசில்லா. நாசரேத்துப் பக்கத்துக்காரர், அவரைவிட வயதில் மிகவும் இளையவர். துப்பாக்கி சுடும் கிளப்பில் வைரவனும் மனைவி உமையாளும் அவரிடம்தான் கற்றார்கள். உமையாளுக்குச் சீக்கிரம் கை வந்துவிட்டது. வைரவன் அதை மறந்துவிடாமல் அவள் பார்த்துக்கொண்டாள்.

அந்தக் கிளப்பில் பலர் தோட்டாக்களை வீட்டிலேயே செய்துகொள்வார்கள். உரிமம் உள்ளவர்களுக்கு அங்கே அது வழக்கம். சுட்ட பித்தளைக் கூட்டை எடுத்து, வெடிமருந்து நிரப்பி, ஈயக்குண்டைப் பொருத்த ஒரு பிரஸ் வேண்டும். ஒரு வகை, கைப்பிடியை இறக்கினால் ஒரே ஒரு வேலை செய்யும். இன்னொன்றில் கூடுகள் வட்டத் தட்டில் நிற்கும். ஒவ்வொரு தடவையும் தட்டைக் கையால் திருப்பிவிட்டு இழுத்தால், இழுப்புக்கு ஒரு தோட்டா விழும்.

எதை வாங்கலாம் என்று வைரவன் கேட்டார்.

"யாருக்கு?" என்றார் பிரிசில்லா.

"எங்க ரெண்டு பேருக்கும்தான், டீச்சர்."

பிரிசில்லா சற்று நேரம் உமையாளைப் பார்த்தார். பிறகு, ஒன்றை இரவல் வாங்கி ஒரு பெட்டித் தோட்டா செய்துகொண்டு வரச் சொன்னார்.

கிளப் நண்பர் ஒருவர் தட்டு சுற்றும் பிரஸ்ஸைத் தந்தார். ஞாயிறு காலை உமையாள் கோயிலுக்குக் கிளம்பும்போது, குக்கரில் பருப்பு இருக்கிறது, மூன்றாவது விசிலுக்கு அடுப்பை அணைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். வைரவன் கார் நிற்கும் கொட்டகையில் உட்கார்ந்து கைப்பிடியை இழுத்தார். தோட்டாக்கள் ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் விழுந்தன. பெட்டி நிறைந்தபோது தானே செய்ததென்று அவராலேயே நம்ப முடியவில்லை. அவ்வளவு பளபளப்பு.

மறுவாரம் காலையில் கிளப்பில், பிரிசில்லா பெட்டியைத் திறந்து ஒரு தோட்டாவை எடுத்தார். தன் ரிவால்வரில் அதை மட்டும் போட்டார். உமையாளைப் பின்னால் தள்ளி நிற்கச் சொன்னார். காதுக்கவசத்தை ஒரு பக்கம் விலக்கிவிட்டுக் கையை நீட்டினார்.

"சுடட்டுமா, டாக்டர்?"

"சுடுங்க" என்று சொல்ல வைரவன் வாயைத் திறந்தார். பிரிசில்லாவின் கை நீண்டு நின்றது. அதில் அசைவே இல்லை. வெளியே வெயிலில் காற்றுக்கொடி படபடத்துக்கொண்டிருந்தது. ஒரு ஈ வந்து அவர் மணிக்கட்டில் உட்கார்ந்தது, நடந்தது, பறந்துபோனது. அவர் இலக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் காத்திருந்தது வைரவனின் ஒரு சொல்லுக்காக. இவ்வளவு முழுமையாகத் தன் சொல்லுக்காக யாரும் காத்து நின்று அவர் பார்த்ததில்லை.

அப்போது அவருக்குக் குக்கர் ஞாபகம் வந்தது.

மூன்றாவது விசில். கைப்பிடியைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து ஓடியது. திரும்பி வந்து உட்கார்ந்தது. அடுத்து என்ன? தட்டைத் திருப்பிவிட்டு இழுத்தாரா, திருப்பாமல் இழுத்தாரா? திருப்பாமல் இழுத்திருந்தால் ஒரே கூட்டில் இரண்டு தடவை மருந்து விழுந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. சுட்டால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். முதல் வகுப்பிலேயே பிரிசில்லா சொன்னதுதான்.

"வேண்டாம், டீச்சர்."

பிரிசில்லா கையை இறக்கினார். தோட்டாவை எடுத்துப் பெட்டியில் மற்றவற்றோடு போட்டார். வைரவன் விசில் கதையைச் சொன்னார்.

"பருப்பு என்னமோ பதமாத்தான் இருந்துச்சு" என்றாள் உமையாள். யாரும் சிரிக்கவில்லை, அவளும்.

சாயங்காலம் மூவரும் பிரிசில்லாவின் வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் உட்கார்ந்து எல்லாத் தோட்டாக்களையும் பிரித்தார்கள். வைரவன் தட்டித் தட்டிக் குண்டைக் கழற்றினார். பிரிசில்லா மருந்தைத் தராசில் கொட்டினார். உமையாள் எடையை வாசித்தாள். ஒரே எண்ணையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெட்டி காலியாகப் போகும் நேரத்தில் அவள் குரல் நின்றுவிட்டது.

வைரவன் தராசை எட்டிப் பார்த்தார். இரண்டு மடங்கு. பிறகு அவள் கையைப் பார்த்தார். அடுத்த வாரப் போட்டியில் இந்தத் தோட்டாக்களைச் சுட இருந்த கை.

காலையில் துப்பாக்கிக்குள் போனது இதுதானா, வேறா என்று சொல்ல வழியில்லை.

மேசை ஓரத்தில் இரண்டு வகைப் பிரஸ்ஸும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதை அப்போதுதான் கவனித்தார். இரண்டின் கைப்பிடியிலும் பெயின்ட் தேய்ந்து இரும்பு தெரிந்தது. எதை வாங்கலாம் என்று அவர் மறுபடி கேட்கவில்லை.

"நான் சுடுங்கன்னு சொல்லியிருந்தா?"

"சுட்டிருப்பேன்."

"பிரிச்சுப் பார்க்காமலா?"

பிரிசில்லா தராசுத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"பிரிச்சுப் பார்த்த தோட்டாவ யாரால சுட முடியும், டாக்டர்?"