பால்குடமும் பளபளா சக்கரமும்

கொக்கரைக்கோட்டை ராஜா பூபாலசிங்கத்திடம் ஒரு மோட்டார் வண்டி இருந்தது. ராஜா காலத்தில் ஏதய்யா மோட்டார் என்று குறுக்கே விழாதீர்கள். கொக்கரைக்கோட்டையில் இருந்தது, அவ்வளவுதான்! யானைக்கு அண்ணன் மாதிரி வண்டி. ஏறுவதற்கே படி போட வேண்டும். ஆனால் ஏறிவிட்டால் பஞ்சணையில் படுத்த சுகம்.

அந்தச் சுகத்துக்குச் சனி பிடித்தது அலங்கார மந்திரி விருத்தகிரியால்.

"மகாராஜா, வண்டி கம்பீரம். கால்தான் கறுப்பு!" என்றார் ஒருநாள். பழைய சக்கரத்தையும் தடித்த டயரையும் கழற்றி எறிந்தார். பெரிய பெரிய வெள்ளிநிறச் சக்கரங்களை வரவழைத்தார். மீசையை முறுக்கினால் அதில் தெரியும், அப்படி ஒரு பளபளப்பு! சக்கரம் பெருத்துப்போனதால் டயருக்கு இடமே இல்லை. அப்பளத்தை ஒட்டவைத்த மாதிரி மெலிசாக ஒரு சுற்று ரப்பர், அவ்வளவே.

ராஜா சொக்கிப்போனார். மறுநாள் வண்டியில் ஏறினார். "மந்..." என்று வாயெடுத்தார். ஒரு பள்ளம். நாக்கைக் கடித்துக்கொண்டு, "திரி!" என்று முடித்தார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. தை பிறந்த மறுநாள், முதல் கறவைப் பாலைக் குடம் தளும்ப மடியில் வைத்துக்கொண்டு, ராஜாவே மலையடிவாரத்து அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். அது அந்த ஊர் வழக்கம். ஒரு சொட்டு சிந்தினாலும் அந்த வருஷம் மாடு மடி வற்றும் என்பார்கள். ராஜா முன்கூட்டியே தண்ணீர்க்குடத்தோடு ஒத்திகை பார்த்தார். கோட்டை வாசல் தாண்டுவதற்குள் குடம் காலி, ராஜா தெப்பம்!

"ஓட்டத் தெரியாத பயல்!" என்று விருத்தகிரி வண்டியோட்டி சடையாண்டியைக் கைகாட்டினார்.

"நாடு கடத்து அவனை!" என்றார் ராஜா, மீசையைப் பிழிந்தபடி.

சபையில் ராஜாவுக்குப் பேச்சுத் துணையாக இருந்த மருதையன் துள்ளி எழுந்தான். சடையாண்டி அவன் தங்கை புருஷன். தங்கைக்கோ இது நிறைமாசம்.

"மகாராஜா, குத்தம் கையிலே இல்லே, டயர்லே!" என்று முன்னால் வந்தான். "முன்னே டயர் தடியா இருந்துச்சு. உள்ளே காத்து நிறைய. பள்ளம் வந்தா அது அமுங்கி வாங்கிக்கும். இப்ப அமுங்க அங்கே என்ன இருக்கு? பள்ளம் நேரா உங்க முதுகுக்கே வந்துடுது."

"பொறாமை, மகாராஜா!" என்றார் விருத்தகிரி.

ராஜாவுக்குச் சக்கரத்தை விட மனமில்லை. "மருதையா, கேட்டுக்கோ. பால் ஒரு சொட்டு சிந்தக் கூடாது. அந்த நாலு சக்கரமும் என்கூடக் கோயிலுக்கு வந்தாகணும். அதுலே ஒரு கீறல் விழக் கூடாது. இதிலே ஒண்ணு தவறினாலும் மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்தே எல்லையைத் தாண்டுங்க!"

வெளியே வந்ததும் சடையாண்டி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "மச்சான், இது ஆகிற காரியமா?"

"எழுந்திரு மாப்பிள்ளை. உன் பழைய டயர் எங்கே கிடக்கு?" என்றான் மருதையன். அவன் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

திருநாள் வந்தது. அன்றைக்கு மட்டும் வண்டிக்குத் தேர் மாதிரி சுற்றிலும் தரைவரை சீலை கட்டுவார்கள். கோயிலில் ஜனங்கள் முன்னால்தான் அவிழ்ப்பார்கள். ராஜா பால்குடத்தோடு ஏறினார். பக்கத்தில் மருதையன். ஓட்டுவது சடையாண்டி. பின்னால் விருத்தகிரி, ஏறிய உடனே குறட்டை.

தண்ணீர்ப்பந்தல் பக்கம் ஒரு பேர்போன பள்ளம் உண்டு. மாட்டு வண்டிகள்கூட அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் போகும். ராஜா பல்லைக் கடித்தார். கண்ணை மூடினார். மருதையன் தங்கையை நினைத்து அம்மனை வேண்டினான். வண்டி இறங்கியது, ஏறியது. பால் லேசாக ஆடி அடங்கியது.

"பள்ளத்தைத் தூர்த்துட்டாங்களா?" என்றார் ராஜா.

"பள்ளம் அங்கேயேதான் இருக்கு, மகாராஜா."

கோயில் வந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை! கூட்டம் குலவையிட்டது. சத்தத்தில் விருத்தகிரி விழித்தார். நிலைமை புரிந்ததும் குதித்து இறங்கினார்.

"பார்த்தீங்களா மகாராஜா! என்ன சொகுசு! எல்லாம் அடியேன் தேர்ந்தெடுத்த சக்கரத்தின் மகிமை! ஜனங்களே, நீங்களும் பாருங்கள்!" என்று தன் கையாலேயே சீலையைச் சரக்கென்று இழுத்தார்.

உள்ளே நாலு கறுப்பு டயர், தடியாக, சேறும் சகதியுமாக.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. விருத்தகிரி சீலையை அவசரமாக மறுபடி மூடப் பார்த்தார்.

"என் சக்கரம் எங்கேடா?" என்றார் ராஜா.

மருதையன் வண்டியின் பின்கதவைத் திறந்தான். பட்டு மெத்தையில், பஞ்சு சுற்றி, தலையணை வைத்து, நாலு பளபளா சக்கரங்களும் வரிசையாகப் படுத்திருந்தன.

"கூடவே வந்திருக்கு, மகாராஜா. ஒரு கீறல் இல்லே."

"சக்கரத்தை எவனாவது படுக்கவைத்துக் கொண்டுவருவானா?" என்று கத்தினார் விருத்தகிரி.

"நம்ம அரண்மனை வழக்கம்தானே, மந்திரியாரே! உழைக்கிறது கீழே ஓடும், பளபளப்பா இருக்கிறது பின்னாலே தூங்கிக்கிட்டு வரும்."

ராஜாவின் உதடு துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சடையாண்டி வேலையிலேயே இருக்கட்டும். உனக்கு என்ன வேணும், கேள்."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம், மகாராஜா. இந்த நாலு சக்கரத்தையும் மந்திரியார் வண்டியிலே மாட்டி, வந்த வழியாகவே அவரை வீட்டுக்கு அனுப்பிவையுங்க. பாவம், ஆசைப்பட்டு வாங்கினார்."

விருத்தகிரியின் கை தானாக இடுப்பைப் பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான், ராஜா வெடித்துவிட்டார். வயிறு குலுங்கியது, தோள் குலுங்கியது, கையிலிருந்த குடம் தளும்பி விளிம்புக்கு வந்தது!

"ஐயோ, குடத்தைக் கொடுத்துட்டுச் சிரிங்க மகாராஜா!" என்று பாய்ந்து பிடித்தான் மருதையன். "இந்தக் குலுக்கலைத் தாங்க இன்னும் எவனும் டயர் செய்யலே!"