பச்சைத் தூக்கு

“குருவே, எந்த இடம்னு நீயே சொல்லிரு. ஆறு மணிக்குப் பழைய குரூப்பைப் பூட்டணும்.”

அந்தோணிமுத்து கத்தித்தான் கேட்டார். மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது.

தவசுக்கனி காதருகே கையைக் குவித்தாள். பிறகு, பொறுங்கள் என்று உள்ளங்கையைக் காட்டினாள்.

அவருக்கு எங்கே பொறுக்கிறது! சட்டைப் பையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது.

அவளைவிட அவர் பன்னிரண்டு வயது மூத்தவர். ஆனாலும் குரு அவள்தான். வெள்ளிக்கிழமைதோறும் போனில் வரும் ஒரு தொடர்கதையைப் படிக்கிறவர்கள் கூடிப் பேச, முதலில் குரூப் தொடங்கியவள் அவள். மில்லை எடுத்து நடத்த வந்தபோது குரூப்பை அவர் கையில் கொடுத்துவிட்டாள். கேலிக்குக் கூப்பிட்ட ‘குருவே’ அப்படியே ஒட்டிக்கொண்டது.

மில் ஓய்ந்தது.

“இப்ப சொல்லுங்க அண்ணாச்சி.”

“பழைய எடத்துல ஒண்ணும் பேச முடியல. கதாநாயகி செத்துட்டாளேன்னு ஒருத்தி அழுதா, அடுத்த நிமிசம் ஒருத்தரு ரோசாப்பூ படம் போட்டு காலை வணக்கம்ங்காரு. புது ஆப்புல அத்தியாயத்துக்கு ஒரு அறை. மூணு வாரமா நாங்க அங்கதான் பேசுதோம். அங்கயே ஓட்டும் வச்சேன். இருநூத்திப் பதினாலு பேரும் புது எடந்தான்னுட்டாவ. எதிர்த்து ஒரு ஓட்டுகூட இல்ல.”

“பெறகு என்ன?”

“அதான் தெரியல. ரெண்டு நாளா சோறு எறங்கல.”

“பேச்சித்தாய் என்ன சொன்னா?”

“அவ என்னைக்குப் பேசியிருக்கா? கதையைப் படிச்சதும் ஒத்தப் புள்ளி வைப்பா. அஞ்சு வருசமா அது ஒண்ணுதான்.”

தவசுக்கனி வாசலை எட்டிப் பார்த்தாள்.

மில் வாசலில் தூக்கும் டப்பாவுமாக ஐந்து பாத்திரங்கள் வரிசையில் இருந்தன. நான்குக்கு உரியவர்கள் பின்பக்க நிழலில் நின்றார்கள். முதலில் இருந்த பச்சைத் தூக்கை வைத்தவள் மட்டும் வீட்டு வேலையைப் பார்க்கப் போயிருந்தாள்.

தவசுக்கனி பின்வாசலில் போய் நின்றாள்.

“எக்கா, முன்னால வெயிலு கொளுத்துது. வரிசையை இங்கயே வச்சுக்கிடுவமா?”

“நல்லாருப்ப! அப்பவே சொல்லக் கூடாதா?”

“அண்ணாச்சி, இவங்க பாத்திரத்தை இங்க கொண்டாந்து வைங்க.”

நான்கையும் சுமந்து வைத்தார். ஐந்தாவதாகப் பச்சைத் தூக்கைத் தொட்டார்.

“இது?”

“அது வரணும்னு கேட்டுச்சா?”

கையை எடுத்துக்கொண்டார்.

மில் மறுபடி ஓடியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று பின்வாசல் பாத்திரங்கள் நிறைந்து வீட்டுக்குப் போயின. மணி ஐந்தரை. ‘அண்ணே, இன்னும் பூட்டலையா?’ என்று புது இடத்தில் பதினேழு பேர் கேட்டிருந்தார்கள்.

நான்காவது அரைத்து முடிந்தபோது, இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி ஓடி வந்தாள். வெறும் வாசலில் தன் தூக்கு மட்டும் நிற்பதைப் பார்த்தாள்.

“யக்கா, என் தூக்குதானே மொதல்ல இருந்துச்சு? பிள்ளைக்குக் கூழு காய்ச்ச ஒரு பொட்டு மாவு இல்ல!”

“வரிசை பின்னால போயிட்டுதே.”

“யாரைக் கேட்டு மாத்துனீங்க?”

“பின்னால நின்னவங்களைத்தான். எதிர்த்து ஒருத்தர்கூடச் சொல்லலையே.”

இதைச் சொல்லும்போது தவசுக்கனி அவளைப் பார்க்கவில்லை. அந்தோணிமுத்துவைப் பார்த்தாள். பிறகு பச்சைத் தூக்கைத் தூக்கி, கேழ்வரகை மில்லில் கொட்டினாள்.

அந்தோணிமுத்து போனை எடுத்தார். மூன்று வாரமாக எட்டிப் பார்க்காத பழைய குரூப்பைத் திறந்தார்.

ரோசாப்பூ. காலை வணக்கம். ரோசாப்பூ. வெள்ளிக்கிழமை, ஒரு புள்ளி.

காலை வணக்கம். குத்துவிளக்கு. அடுத்த வெள்ளி, ஒரு புள்ளி.

விரலால் தள்ளிக்கொண்டே கீழே வந்தார். மூன்றாவது வெள்ளியும் புள்ளி இருந்தது.

அதற்கும் கீழே, இன்று காலை, பேச்சித்தாய் ஒரு கேள்விக்குறி வைத்திருந்தாள்.