காவல் பள்ளிக்கு இடம் கொடுத்த கௌதாரி

கோரைக்குட்டைக் காட்டில் பூவாயி என்றொரு கௌதாரி இருந்தாள். போன மாதம் அவள் இட்ட முட்டைகள் அத்தனையும் ஒரே மத்தியானத்தில் காணாமல் போயின. அழுது அழுது அவளுக்குத் தொண்டையே கட்டிப்போனது. இப்போது மேட்டுச் சரிவில் மறுபடியும் முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவையாவது குஞ்சு முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் தலைவர் யானை கூட்டம் போட்டது.

காவல் தலைவன் சூரப்பன் முதலில் எழுந்தான். அவன் ஒரு செந்நாய்.

"ஐயா, காட்டுல திருட்டு அதிகமாயிடுச்சு. என் பசங்களுக்குப் பயிற்சி பத்தலை. காவல் பயிற்சிப் பள்ளி ஒண்ணு கட்டித் தரணும்."

"என் முட்டை காணாமப் போனப்போ உங்க பசங்க எங்கே இருந்தாங்க?" என்று கேட்டாள் பூவாயி.

"பள்ளி வேணும்னு மனு கொடுக்க எல்லாருமா தலைவர் வாசல்ல நின்னுட்டிருந்தோம்."

இந்தப் பதிலில் ஏதோ இடிக்கிறதே என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. பள்ளி வேண்டும் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். எங்கே கட்டுவது என்று கேட்டதும்தான் ரகளை ஆரம்பித்தது.

"பள்ளி அவசியம்தான். ஆனா என் புத்துப் பக்கம் வேண்டாம், கரையான் எல்லாம் கலைஞ்சு போயிடும்" என்றது கரடி.

"காட்டுக்கு ரொம்ப நல்லது. ஆனா என் சேத்துல யாரும் கால் வைக்கக் கூடாது" என்றது காட்டுப்பன்றி.

கடைசியில் நல்லதம்பி எழுந்தான். நல்லதம்பி என்பது ஒரு நரிக்கு வைத்த பெயர்; வைத்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள்.

"எதுக்குங்க சண்டை? மேட்டுச் சரிவு சும்மாதானே கிடக்கு" என்றான் அவன்.

"சும்மா கிடக்கா? அங்கே நான் குடியிருக்கேன்" என்றாள் பூவாயி.

"நீ இத்தனூண்டு. ஒரு ஓரமா ஒதுங்கிக்க மாட்டியா, தங்கச்சி? உன் முட்டையைக் காப்பாத்தத்தானே இந்தப் பள்ளியே!"

எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். தங்கள் இடம் தப்பித்த சந்தோஷம் அவர்களுக்கு. அந்தச் சூட்டோடு சூடாக நல்லதம்பியையே கட்டடக் குழுவுக்குத் தலைவனாகவும் ஆக்கிவிட்டார்கள்.

மறுநாள் அவன் இரண்டு காவலர்களோடு சரிவை அளக்க வந்தான். அவர்கள் ஒரு காட்டுக்கொடியை நீளமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நல்லதம்பி அளந்தது கொஞ்சம், மோப்பம் பிடித்தது நிறைய.

"தங்கச்சி, முட்டை எந்தப் புதர்ல இருக்கு? வேலைக்கு வர்றவங்க தெரியாம மிதிச்சிடக் கூடாது பாரு."

பூவாயிக்கு மனசு இளகிவிட்டது. பாவம், நல்லவர்தான் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

"மொத்தம் எத்தனை முட்டை?" என்று கேட்டுவிட்டு எச்சிலை விழுங்கினான் அவன்.

மிதிக்காமல் இருக்க எண்ணிக்கை எதற்கு? போன மாதத்துக் கள்ளன் இவன்தானோ? ஆனால் பூவாயி பயத்தை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"ஏழு, அண்ணே. அதோ அந்தக் காரைப் புதருக்குள்ளே ஒரு வளை இருக்கு. அதுலதான் பத்திரமா வச்சிருக்கேன்" என்றாள்.

உண்மையில் முட்டைகள் மேலே, காய்ந்த புல்லுக்குள் இருந்தன. வளைக்குள் குடியிருந்தவன் முள்ளப்பன் என்ற முள்ளம்பன்றி. பகலெல்லாம் அடித்துப் போட்டதுபோல் தூங்குவான். தூக்கத்தைக் கெடுத்தவனை மட்டும் சும்மா விடமாட்டான்.

"வெள்ளிக்கிழமை கால்கோள் விழா. நிலம் கொடுத்தவ நீ, முன் வரிசையில உட்காரணும். நடுவுல எழுந்து போயிடாதே" என்று சொல்லிவிட்டுப் போனான் நல்லதம்பி.

வெள்ளிக்கிழமை சரிவின் அடிவாரத்தில் காடே கூடியது. சூரப்பன் காவலர்கள் அத்தனை பேரையும் கூட்டிவந்து அணிவகுத்து நிறுத்தினான். கரைக் காவல், பாறைக் காவல், புதர்க் காவல் என்று ஒருத்தரையும் விட்டுவைக்கவில்லை. இடது, வலது என்று அவன் கத்த, பாதிப் பேர் வலதையும் மீதிப் பேர் இடதையும் தூக்கினார்கள். தலைவர் யானை ஆடி ஆடித் தூங்கிப்போனது.

"வரவேற்புரை சொல்ல நல்லதம்பியைக் காணோமே?" என்றது கரடி.

பூவாயிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவன் மூக்கு புல் பக்கம் திரும்பிவிட்டால் என்ன செய்வது? ஓடிப்போய்ப் பார்க்கலாம். ஆனால் ஓடினால் அவளே இடத்தைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். சிறகை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திடீரென்று மேட்டிலிருந்து ஓர் ஊளை. நல்லதம்பி உருண்டு புரண்டு வந்து சூரப்பன் காலடியில் விழுந்தான். மூக்கு முழுக்க முள்.

"யார் செஞ்சது? சொல்லு, இப்பவே பிடிக்கிறேன்" என்று உறுமினான் சூரப்பன்.

"அந்தப் பூவாயிதான்! காரைப் புதர்ல ஏழு முட்டை இருக்குன்னு பொய் சொல்லிட்டா. நம்பித் தலையை விட்டேன், பாருங்க என் கதியை. போன மாசம் இந்த வம்பெல்லாம் இல்லவே இல்லை!"

கூட்டம் மொத்தமும் நல்லதம்பி பக்கம் திரும்பியது.

சூரப்பன் பூவாயி பக்கம் திரும்பினான். "பொய் சொல்றது குத்தமாச்சே, ஏன் சொன்னே?"

"அட மண்டூ, திருடனே வந்து வாக்குமூலம் கொடுக்கிறான், நீ இவளை விசாரிக்கிறியா?" என்று கரடி தலையில் அடித்துக்கொண்டது.

சத்தத்தில் யானை விழித்துக்கொண்டது. நடந்ததை விசாரித்துவிட்டு, நல்லதம்பியை முள்ளோடு முள்ளாகக் காட்டு எல்லைக்கு அப்பால் துரத்தச் சொன்னது.

"காவலர் அத்தனை பேரும் இங்கே நிக்கிறீங்க. திருடன் உங்க முதுகுக்குப் பின்னாலதான் மேட்டுல ஏறியிருக்கான்" என்றது.

"அதுக்குத்தான் ஐயா, பயிற்சி..." என்று இழுத்தான் சூரப்பன்.

"பயிற்சிதானே? இன்னிக்கே தொடங்கிடலாம். குஞ்சு பொரிக்கிற வரைக்கும் பூவாயி முட்டைக்கு நீயே காவல் நில்லு. மத்தவங்க அவங்கவங்க இடத்துக்குப் போங்க."

சூரப்பன் வெயிலில் நின்றான். முதல் நாள் இரண்டு தரம் தூங்கி விழுந்தான். பூவாயி அவன் காலைக் கொத்தி எழுப்பினாள்.

"வானத்தைப் பார்க்காதீங்க, அண்ணே. புல்லைப் பாருங்க. பாம்பு அந்த வழியாத்தான் வரும்."

ஒரு காலையில் முட்டை ஓடுகள் விரிசல் விட்டு உடைந்தன. ஈரம் காயாத குஞ்சுகள் தள்ளாடி வந்து, சூரப்பனின் நிழலில் ஒண்டிக்கொண்டன. அவன் மூச்சைக்கூட மெல்ல விட்டான். பூவாயி சந்தோஷம் தாங்காமல் அழுதாள். மேட்டுச் சரிவில் பள்ளி கட்டும் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

காக்க வேண்டியதை அம்போ என்று விட்டுவிட்டுக் காவலுக்கு மாளிகை கட்டக் கிளம்பினால், அது திருடனுக்குச் செய்து கொடுக்கும் வசதியாகவே முடியும்.