நிலக்கரியின் அடக்க விலை

இது எந்த நூற்றாண்டில் நடந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். கூத்தனூர் அரண்மனைக்கு மின்விசிறி வந்துவிட்டது. அதைச் சுழற்ற மின்சாரம்தான் வரவில்லை. மன்னர் வளவராயருக்கோ வியர்வை அதிகம், பொறுமை குறைவு.

"எந்த மின்சாரம் மலிவு?" என்று சபையில் கேட்டார்.

காற்றாலைக்காரர் எழுந்தார். "காற்று இனாம், அரசே! காற்று வீசும்போதெல்லாம் தங்கள் விசிறி சுழலும்."

"காற்று வீசினால் எனக்கு விசிறி எதற்கு?"

அவர் அமர்ந்துவிட்டார்.

"வெயிலும் இனாம்தான்," என்றார் சூரிய ஒளிக்காரர். "நண்பகலில் அத்தனை விளக்குகளும் ஜெகஜ்ஜோதியாக எரியும்!"

"நண்பகலிலா?"

அவரும் அமர்ந்தார். அணை கட்டுபவர் தயங்கித் தயங்கி, "அணை எழுப்பினால் அரண்மனை மூழ்கும். ஆனால் உள்ளே நல்ல குளிர்ச்சி," என்றார்.

அப்போது சுரங்க அமைச்சர் கருக்குவேலர் தொண்டையைச் செருமினார். "நிலக்கரி மின்சாரம் யூனிட் அரைக்காசு. இதுவே அடக்க விலை. எல்லாம் அடக்கம்!"

மதியூகி திருமேனிக்கு அந்தச் சொல் நெருடியது. "எல்லாமுமா?"

"அடக்க விலைக்குப் பொருள் தெரியாதா, ஓய்? நாளை மாலைக்குள் இதில் ஒரு பொய்யைக் காட்டும். தவறினால், ஆயுள் முழுவதும் நீரே மன்னருக்கு விசிறி இழுக்க வேண்டும்!"

"அதுவும் மலிவுதான்," என்று மன்னர் மகிழ்ந்து சம்மதித்தார்.

திருமேனி தம் கைகளைப் பார்த்துக்கொண்டார். முருங்கைக்காய்க்குச் சட்டை போட்டதுபோல் இருந்தன.

மறுநாள் அரண்மனைக்குப் பின்னால் நிலக்கரி எந்திரம் முழங்கியது. சபையில் விசிறி சுழன்றது. மன்னர் கண்களை மூடிச் சுகித்த அதே கணத்தில், சாளரத்தின் வழியே ஒரு புகைக்குழாய் உள்ளே நீண்டது. பின்னாலேயே நான்கு வண்டிச் சாம்பல் வந்து அரியணையடியில் கொட்டியது. மிச்ச வேலையை விசிறி பார்த்துக்கொண்டது. மன்னரின் முகத்தில் பற்கள் மட்டுமே வெண்மையாக எஞ்சின.

"எவன் செய்த வேலை?" என்று அலறினார் கருக்குவேலர்.

"அடியேன்தான்," என்றார் திருமேனி. "அமைச்சர் குழாயைச் ஊரார் துணி துவைக்கும் துறைப் பக்கம் திருப்பி வைத்திருந்தார், அரசே. எல்லாம் அடக்கம் என்று தாங்கள் விலை கொடுத்த பொருளை ஊரார் அனுபவிக்கலாமா? அதனால் உரியவரிடமே சேர்ப்பித்தேன்."

"விலையில் சாம்பல் சேராது! புகை தனி!" என்று பதறினார் கருக்குவேலர்.

"தனியா? அப்படியானால் 'எல்லாம் அடக்கம்' என்றது?"

மன்னருக்கு விளங்கிவிட்டது.

"காற்று, வெயில், அணை, கரி எதுவானாலும் ஊர் சுமக்கும் செலவையும் கூட்டி உண்மை விலையைச் சொல்லுங்கள்! அதுவரை விசிறி இழுப்பவர் கருக்குவேலர். திருமேனிக்கு என் முத்துமாலை..." மேலே பேச முடியாமல் லொக்கு லொக்கென்று இருமினார். ஒருவாறு மூச்சைப் பிடித்துக்கொண்டு, "திருமேனி, இந்த இருமலும் அந்த அரைக்காசில் அடக்கமா?" என்றார்.

"சாம்பலையாவது எப்படியோ அடக்கிவிடலாம், அரசே. இருமலை மட்டும் எந்த அமைச்சராலும் அடக்க முடியாது!"