ஐஸில் கலங்கிய டீ

கோத்தகிரிக்கு மேலே ஒரு சின்ன ஆசிரமம். அங்கே குரு அமிர்தம்மாள். அவரைவிட வயதில் மூத்த சீடர் ராசையா, தேயிலை ஃபேக்டரியில் டீயை ருசி பார்த்துத் தரம் பிரித்தே ஓய்வு பெற்றவர். எதையும் லேசில் நம்ப மாட்டார். பால்காரர் தண்ணீர் கலக்காத நாளிலும் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பாத்திரத்தை நீட்டுவார்.

அன்று காலை அந்தப் பால்காரரே ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். ராசையாவின் தம்பி தவசி கொடுத்தனுப்பியது. காலைப் பலகாரத்தோடு குடிப்பதற்கென்று அஸ்ஸாம் இலையையும் நீலகிரி இலையையும் கலந்து அவனே தயாரித்த தேயிலையாம். சூடாகவும் குடிக்கலாம், ஐஸ் போட்டும் குடிக்கலாம். கேட்டுக்கு வெளியே நிற்கிறேன், அண்ணனுக்குப் பிடித்திருந்தால் உள்ளே கூப்பிடட்டும், இல்லையென்றால் வந்த வழியே போய்விடுகிறேன், இனி வர மாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

ராசையா பொட்டலத்தைத் தள்ளி வைத்தார். அப்பா செத்தபோது அஸ்ஸாமில் வேலையிலிருந்த தம்பி வரவில்லை. இவர் தனியாக நின்று கொள்ளி வைத்தார். அதற்குப் பிறகு தவசி எத்தனையோ முறை போன் செய்தான். இவர் எடுக்கவே இல்லை.

"இத்தனை வருஷம் கழிச்சு டீத்தூளைத் தூக்கிட்டு வர்றான். இதுல ஏதோ இருக்கும்மா."

"குடிச்சுப் பாருங்கண்ணே," என்றார் குரு.

குடிப்பதாவது! முதலில் வெள்ளைக் காகிதத்தை நனைத்து அதன்மேல் இலையைத் தூவினார். கலப்படச் சாயம் எதுவும் இறங்கவில்லை. புளியங்கொட்டைத் தோல் கலந்திருக்கிறதா என்று விரலால் கிளறினார். அதுவும் இல்லை. பிறகுதான் வெந்நீரில் ஊறவைத்து, ஃபேக்டரிப் பழக்கப்படி சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் உருட்டித் துப்பினார். நல்ல திடம், நல்ல மணம். அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை. தவசி கையால் இவ்வளவு நல்ல டீயா? எங்கேயோ இடித்தது.

மீதியில் ஐஸைப் போட்டு வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தார். செம்பு நிறத்தில் இருந்த டீ மெல்ல மெல்லச் சேற்றுத் தண்ணீராகக் கலங்கியது. நீலகிரி இலை எவ்வளவு குளிர்ந்தாலும் தெளிவாகவே நிற்கும். ஆயுள் முழுக்க ராசையா கையாண்டது அந்த இலையை மட்டும்தான்.

கண்ணாடி டம்ளரைத் தூக்கிக்கொண்டு குருவிடம் போனார். திருடனைப் பிடித்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில்.

"பாத்தீங்களா? சூட்டுல நல்ல பிள்ளையாட்டம் இருந்துச்சு. குளிர்ந்ததும் குட்டு வெளிப்பட்டுடுச்சு. அவனை அப்படியே போகச் சொல்லிடலாம்மா."

அமிர்தம்மாள் டம்ளரில் இருந்ததைச் சின்னப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தார். சூடேறியதும் திரும்ப அதே டம்ளரில் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கலங்கல் போன இடம் தெரியவில்லை.

"கலப்படமா இருந்தா இப்படித் தெளியுமாண்ணே?"

ராசையா டம்ளரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"தெளியாது."

"அப்ப எதனால கலங்குச்சு?"

"அஸ்ஸாம் இலையில குளிர் பட்டதால," என்றார். அத்தோடு விட்டுவிடவும் அவருக்கு மனமில்லை. "ஆனா, அப்பா காரியத்துக்கு ஏன் வரலேன்னு அவன் இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீங்க சொல்ல விட்டீங்களா?"

ராசையா டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார். எடுக்காமல் விட்ட போனெல்லாம் அப்போது காதில் ஒலித்தது.

"ஆறறதுக்குள்ள கொண்டு போங்க," என்றார் அமிர்தம்மாள். "முதல் பஸ்ஸுல வந்த உங்க தம்பி, இன்னும் கேட்டுக்கு வெளியே பனியில நிக்கிறார்."